சட்டைப்பைக்குள் ஒரு ஜன்னல்

2018 ஜூனில் சோனி தன் ஆர்எக்ஸ்100 வரிசையின் ஆறாவது கேமராவை வெளியிட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு, 301 கிராம் எடை, 24-இலிருந்து 200 மி.மீ. வரை ஜூம். அதற்கு முந்தைய மூன்று மாடல்களும் 24–70-ஓடு நின்றிருந்தன. ஜூம் இப்படி எகிறியும் கேமரா தடித்தது இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான். கைதட்ட வேண்டிய பொறியியல். ஆனால் அடுத்த மாதமே சோனி ஒரு விசித்திரமான காரியம் செய்தது. ஐந்தாவது மாடலை உள்ளே சில்லறை மாற்றங்களோடு எடுத்து, 5ஏ என்று பெயர் வைத்து, மறுபடியும் கடைக்கு அனுப்பியது. புதியது வந்துவிட்ட பிறகு பழையதைத் தூசி தட்டி விற்பானேன்?

காரணம் லென்ஸின் முகப்பு வளையத்திலேயே அச்சாகியிருக்கிறது. 5ஏ-வின் வளையத்தில் 1.8-2.8/8.8-25.7 என்று இருக்கும். ஆறாவதில் 2.8-4.5/9.0-72. முதல் ஜோடி எஃப் எண். இரண்டாவது ஜோடி லென்ஸின் உண்மையான குவியத் தூரம், மில்லிமீட்டரில். பெட்டியின் மேல் பெரிதாகப் போடும் 24, 70, 200 எல்லாம், பழைய 35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் அதே அகலத்துக்குக் காட்சி கிடைக்க என்ன லென்ஸ் மாட்ட வேண்டியிருக்கும் என்ற ஒப்பீட்டுக் கணக்கு. வாங்குகிறவருக்கு அது வசதி. இயற்பியலுக்கு வளையத்தில் இருக்கும் எண்தான் வேண்டும். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால், ஒளி உள்ளே நுழையும் துவாரத்தின் விட்டம் கிடைக்கும். எஃப் எண்ணின் இலக்கணமே அதுதான்.

வகுத்துப் பார்ப்போம். ஜூம் செய்யாத நிலையில் 5ஏ-வுக்கு 8.8-ஐ 1.8-ஆல் வகுத்தால் 4.9 மி.மீ. ஆறாவதுக்கு 9-ஐ 2.8-ஆல் வகுத்தால் 3.2 மி.மீ. ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் ஒளி பரப்பின் வழியாக வருகிறது. பரப்போ விட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். அதனால் ஒரே முகத்தை, ஒரே ஷட்டர் வேகத்தில் எடுத்தால் 5ஏ-வுக்குள் சுமார் 2.3 மடங்கு ஒளி போகிறது. மாலை ஆறரைக்கு மேல் வீட்டுக்குள் படம் எடுப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஜூம் வேண்டும் என்றவர்களுக்கு ஆறாவது, ஒளி வேண்டும் என்றவர்களுக்கு 5ஏ என்று சோனி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விற்றதற்கு இதுதான் பின்னணி.

இந்த விட்டத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். கேமராவை இயக்கி, லென்ஸ் உங்களைப் பார்க்கும்படி ஒரு கையெட்டும் தூரத்தில் பிடியுங்கள். முன்கண்ணாடியின் பிரதிபலிப்பை ஒதுக்கிவிட்டு உள்ளே உற்றுப் பார்த்தால், பல அடுக்குக் கண்ணாடிகளுக்கு நடுவே கருப்பாக ஒரு வட்டம் தெரியும். அப்படியே ஜூம் நெம்புகோலைத் தள்ளினால் அந்த வட்டம் மெல்ல விரியும். ஆறாவது ஆர்எக்ஸ்100-இல் 3.2 மி.மீ.யில் தொடங்கி, 200-க்குப் போகும்போது 72 வகுத்தல் 4.5, அதாவது 16 மி.மீ. ஆகிறது. வெளியிலிருந்து நாம் பார்க்கும் அந்த வட்டம்தான் கேமராவின் ஜன்னல். சென்சார், அறையின் தரை. கடைக்காரர், விமர்சகர், விளம்பரம் எல்லாரும் தரையின் அளவைத்தான் சொல்வார்கள். ஜன்னலின் அளவை யாரும் பெட்டியில் அச்சிடுவதில்லை.

தரை முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. அதற்கும் வருவோம். முதலில் இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு நல்ல ஜோடி இருக்கிறது. 2012-இல் வந்த முதல் ஆர்எக்ஸ்100. 2019-இல் வந்த ரிக்கோ ஜிஆர் 3. இரண்டும் பைக்குள் போகிறவை. ஒன்று 35.9 மி.மீ. தடிமன், 240 கிராம். மற்றது ஏறக்குறைய 33 மி.மீ., 257 கிராம். சோனியில் இருப்பது ஓர் அங்குல சென்சார் என்பார்கள். ஸ்கேல் வைத்தால் அது 13.2 × 8.8 மி.மீ.தான், எந்தப் பக்கம் அளந்தாலும் அங்குலம் வராது. பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாய்களின் வெளிவிட்டக் கணக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ரிக்கோவில் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார், 23.5 × 15.6 மி.மீ. பரப்பில் சோனியைப் போல மூன்று மடங்குக்கும் மேல். இரண்டும் 28 மி.மீ. கோணத்தில் ஒரே காட்சியைப் பார்க்கின்றன. இப்போது ஜன்னலை அளக்கலாம். சோனி: 10.4 வகுத்தல் 1.8, அதாவது 5.8 மி.மீ. ரிக்கோ: 18.3 வகுத்தல் 2.8, அதாவது 6.5 மி.மீ. பரப்பில் வித்தியாசம் 1.3 மடங்குகூட இல்லை.

தரை மூன்று மடங்கு. உள்ளே வரும் வெளிச்சமோ கால் பங்குதான் கூடுதல். இருட்டில், கை நடுங்காத அளவுக்கு ஷட்டரை வேகமாக வைத்து எடுத்தால், இரண்டு படங்களின் புள்ளிக் குறைபாடும் நம்பமுடியாத அளவுக்கு நெருங்கி வரும். பெரிய சென்சார் என்றாலே இரவுக்கு நல்லது என்ற நம்பிக்கை இங்கே தடுக்கி விழுகிறது.

ஏன் என்பதற்கு ஒளியை எண்ணிக்கையாகப் பார்க்க வேண்டும். ஒளி ஃபோட்டான்களாக வருகிறது, சீராக வருவதில்லை. சராசரியாக 100 ஃபோட்டான் விழ வேண்டிய இடத்தில் ஒருமுறை 92 விழும், இன்னொருமுறை 109. இந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டியே இருக்கும். 100-க்கு 10, அதாவது 10 சதவீதம். 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் 100, ஆனால் சதவீதத்தில் அது வெறும் 1. இருட்டில் எடுத்த படத்தில் சுவர் சொரசொரவென்று தெரிகிறதே, நாய்ஸ் என்கிறோமே, அதில் பெரும்பகுதி கேமராவின் குற்றமே இல்லை. ஒளியின் சுபாவம் அது. எவ்வளவு நல்ல சென்சார் செய்தாலும் இந்தக் கணக்கை ஏமாற்ற முடியாது. அதிக ஃபோட்டானைப் பிடிப்பது ஒன்றே வழி. ஒரு முகத்திலிருந்து எத்தனை ஃபோட்டான் கேமராவுக்குள் வரும் என்பதை ஜன்னலின் பரப்பும் ஷட்டர் திறந்திருக்கும் நேரமும்தான் தீர்மானிக்கின்றன. உள்ளே வந்ததைச் சின்னத் தரையில் நெருக்கமாகக் கொட்டினாலும் பெரிய தரையில் பரப்பினாலும் எண்ணிக்கை அதேதான்.

பகலில் கதை மாறுகிறது. வெயிலில் ஒளிக்குப் பஞ்சமில்லை. அங்கே பிரச்சினை, வருவதைக் கொள்ள இடமிருக்கிறதா என்பது. ஒவ்வொரு பிக்சலும் ஓரளவு எலக்ட்ரான்களைத்தான் தாங்கும். நிரம்பினால் வெள்ளை, அதற்கு மேல் விவரம் இல்லை. சென்சார் முழுவதும் சேர்ந்து கொள்ளும் மொத்த அளவு, ஏறத்தாழ பரப்புக்கு ஏற்பக் கூடுகிறது. உச்சிவெயிலில் ஒரு கோபுரத்தை எடுக்கிறீர்கள். சுதைச் சிற்பத்தின் நெற்றியில் வெயில், கீழே மாடத்துக்குள் நிழல். இரண்டும் ஒரே படத்தில் நிற்க வேண்டுமென்றால் பெரிய தரை வேண்டும். நிழலைப் பிறகு கணினியில் தூக்கிவிட்டாலும் அழுக்காகாமல் வர வேண்டுமென்றால் இன்னும் பெரிய தரை வேண்டும். ஜிஆர் 3 வைத்திருப்பவர்கள் அதைக் கொண்டாடுவது இதற்காகத்தான் என்பது என் கணிப்பு. அதோடு, ஜூம் இல்லாத லென்ஸுக்கு ஒரே வேலை என்பதால் மூலைவரை கூர்மை கிடைத்துவிடுகிறது. அவர்கள் இரவுக்காக வாங்கினோம் என்று சொல்வார்கள். கேமரா பகலில் சம்பாதித்துக் கொடுக்கிறது.

சின்ன சென்சாருக்கு என்னதான் மரியாதை? கேனனின் எஸ்எக்ஸ்740-ஐ எடுத்துக்கொள்ளலாம். அதுவும் 2018-இல் வந்ததுதான். 299 கிராம், கிட்டத்தட்ட ஆறாவது ஆர்எக்ஸ்100-இன் எடை. வெளிவந்தபோது விலை அதில் பாதிகூட இல்லை. சென்சார் சுமார் 6.2 × 4.6 மி.மீ., சுண்டுவிரல் நகத்தை விடச் சிறியது. ஜூம் 24-இலிருந்து 960 வரை, 40 மடங்கு. அகலக் கோணத்தில் ஜன்னலை வகுத்தால் முகம் சுளிக்கும்: 4.3 வகுத்தல் 3.3, அதாவது 1.3 மி.மீ. ஆறாவது ஆர்எக்ஸ்100 அதே இடத்தில் ஆறு மடங்கு ஒளி வாங்குகிறது. 5ஏ 14 மடங்கு. வீட்டுக்குள் பிறந்தநாள் கேக் வெட்டும் படத்துக்கு இந்தக் கேமராவை எடுப்பது வீண்.

அதே கேமராவை ஏரிக்கரைக்குக் கொண்டுபோங்கள். நூறு மீட்டருக்கு அப்பால் பட்டமரத்தில் ஒரு மீன்கொத்தி. கேனனில் ஜூமை முழுக்கத் தள்ளினால் உண்மையான குவியத் தூரம் 172 மி.மீ., எஃப் எண் 6.9. வகுத்தால் 25 மி.மீ. பத்து ரூபாய் நாணயத்தை விடச் சற்றே சிறிய ஜன்னல். சோனி 200-இலேயே நின்றுவிடுகிறது. ஜன்னல் 16 மி.மீ. அதே மீன்கொத்தியிலிருந்து, அதே நேரத்தில், கேனனுக்குள் 2.4 மடங்கு ஒளி போகிறது. சோனி படத்தை 960-க்கு ஈடாக வெட்டியெடுத்தால் 2 கோடி பிக்சலில் மிஞ்சுவது 9 லட்சத்துக்கும் குறைவு. பாதி விலையில், நாலில் ஒரு பங்கு சென்சாரோடு இருக்கும் கேமரா இங்கே ஜெயிக்கிறது, சந்தேகமே இல்லாமல்.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒளி அலை என்பதால், எந்தத் துவாரத்தின் வழியாகப் போனாலும் கொஞ்சம் விரிந்துவிடும். விளிம்பு விளைவு என்று பள்ளியில் படித்தது. துவாரம் சிறிதாக ஆக விரிவு அதிகம். நட்சத்திரம் போன்ற புள்ளி ஒளியும் சென்சாரில் ஒரு குட்டி வட்டாகத்தான் விழும். பிரிட்டிஷ் வானியலாளர் ஜார்ஜ் ஏரி 1835-இல் இதற்குக் கணக்குப் போட்டார். பச்சை ஒளிக்கு, எஃப்/6.9-இல் அந்த வட்டின் விட்டம் 9 மைக்ரானைத் தாண்டும். எஸ்எக்ஸ்740-இன் ஒரு பிக்சல் 1.2 மைக்ரான். ஏழெட்டு பிக்சல்களின் குறுக்கே ஒரே புள்ளி. பெட்டியில் 2 கோடி பிக்சல் என்று போட்டிருந்தாலும், ஜூமின் கடைசியில் அவற்றில் சுமார் கால் பங்குக்கான விவரத்தைத்தான் லென்ஸ் கொடுக்க முடியும். மிச்சம் பிக்சல்கள் ஒன்றையே திரும்பத் திரும்ப எழுதுகின்றன. இருந்தும் 25 மி.மீ. ஜன்னல் நூறு மீட்டரில் கிட்டத்தட்ட 3 மி.மீ. இடைவெளியைப் பிரித்துக் காட்டும். வெயிலேறி, தரையிலிருந்து காற்று நெளியத் தொடங்குவதற்கு முன்னால், காலையில் எடுத்தால்.

இரண்டையும் சேர்த்தால் என்ன என்ற ஆசை நியாயமானது. ஓர் அங்குல சென்சார், அதோடு பறவைக்குப் போதும் ஜூம். சோனியே 2016-இல் செய்து பார்த்தது. ஆர்எக்ஸ்10 மார்க் 3: 24–600, கடைசியில் எஃப்/4. குவியத் தூரம் 220, ஜன்னல் 55 மி.மீ. எடை ஒரு கிலோவைத் தாண்டியது. நிக்கான் சின்ன சென்சாரை வைத்துக்கொண்டு மறுபக்கம் ஓடியது. 2018-இல் வந்த பி1000-க்கு 3000 மி.மீ. வரை ஜூம், 67 மி.மீ. ஜன்னல், 1,415 கிராம். கண்ணாடியின் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து வளர்வதால் எடை கன அளவில் ஏறுகிறது. சென்சாரின் பக்கத்தை இரட்டித்து மற்றதையெல்லாம் அதே விகிதத்தில் வைத்தால் லென்ஸ் எட்டு மடங்கு கனக்கும். சென்சார் என்னவோ தாள் மாதிரிதான், அதற்கென்று தடிமன் கிடையாது. கேமராவைக் குண்டாக்குவது எப்போதும் அதற்கு முன்னால் நிற்க வேண்டிய கண்ணாடி.

அதனால் பைக்கேமராவின் வரலாறு என்பது பாதிக்குமேல் கண்ணாடியை மடித்து வைக்கும் தந்திரங்களின் வரலாறு. 1966-இல் கொலோன் நகரில் நடந்த ஃபோட்டோகினா கண்காட்சியில் ரோலை 35 வந்தது. ஹைன்ஸ் வாஸ்கே என்ற ஜெர்மன் வடிவமைப்பாளரின் கைவேலை. 36 × 24 மி.மீ. ஃபிலிம், இன்றைய மொழியில் ஃபுல் ஃப்ரேம். தடிமன் 32 மி.மீ. லென்ஸை வெளியே இழுத்துத் திருப்பிப் பூட்ட வேண்டும். வேலை முடிந்ததும் உள்ளே தள்ளிவிடலாம். 40 மி.மீ., எஃப்/3.5 லென்ஸ். ஜன்னல் 11.4 மி.மீ. அறுபது வருடத்துக்கு முந்தைய பைக்கேமராவுக்கு இன்றைய ஜிஆர்-ஐ விடப் பெரிய ஜன்னல்! ஃபிலிம் தன்மேல் விழும் ஒளியில் மிகச் சிறு பங்கையே பயன்படுத்தும், சிலிக்கான் பாதிக்கு மேல் பிடித்துவிடும் என்பதால் படத்தில் இன்றையதுதான் வெல்லும். ஆனாலும் அந்தக் கண்ணாடி வேலைக்கு வணக்கம் வைக்கலாம்.

ஜூம் வந்ததும் ரோலையின் எளிமை போயிற்று. ஜூம் லென்ஸில் கண்ணாடிக் கூட்டங்கள் ஒன்றையொன்று நெருங்கியும் விலகியும் ஓட வேண்டும். ஓடுவதற்கு நீளம் வேண்டும். 1986-இல் பெண்டாக்ஸ் ஜூம்-70 முதல் ஜூம் பைக்கேமராவாக வந்தபோது அதைப் பையில் வைக்க பெரிய கோட்டு தேவைப்பட்டது. பிறகு மெலிந்தன, ஜூமும் நீண்டது. அதற்குக் கொடுத்த விலை, தொண்ணூறுகளின் முடிவில் ஜூம் கடைசியில் எஃப் எண் பத்தைத் தாண்டியது. ஃப்ளாஷ் இல்லாமல் வீட்டுக்குள் ஒன்றும் நடக்காது. அந்தக் காலத்துக் குடும்ப ஆல்பங்களில் எல்லார் முகமும் வெளுத்து, பின்சுவர் கறுத்திருப்பதற்கு இந்தச் சின்ன ஜன்னலுக்கும் பங்குண்டு.

டிஜிட்டல் வந்ததும் சென்சார் சுருங்கியது, தந்திரங்களுக்கு இடம் கிடைத்தது. மினோல்டா 2002-இல் டிமாஜ் எக்ஸ் கேமராவில் ஒரு பட்டகத்தை வைத்து ஒளியை 90 டிகிரி திருப்பி, மொத்த லென்ஸையும் உடம்புக்குள் செங்குத்தாகப் படுக்கப் போட்டது. வெளியே எதுவும் நீளாது. அடுத்த வருடம் பெண்டாக்ஸ் ஆப்டியோ எஸ். அதில் லென்ஸ் உள்ளே போகும்போது ஒரு கண்ணாடிக் கூட்டம் வரிசையிலிருந்து விலகி மேலே ஏறிக்கொள்ளும். மற்றவை அது காலி செய்த இடத்தில் வந்து அமரும். மிட்டாய் டப்பாவுக்குள் போய்விடும் கேமரா என்று அமெரிக்காவில் பேசப்பட்டது அதுதான்.

இன்னொரு தந்திரம் கண்ணுக்கே தெரியாது. அகலக் கோண லென்ஸ் நேர்கோடுகளை வெளிப்பக்கம் வளைக்கும். அதைச் சரிசெய்யக் கூடுதல் கண்ணாடி போட்டால் எடை, தடிமன். எனவே வளைந்தால் வளையட்டும் என்று விட்டுவிட்டு, மென்பொருளில் நிமிர்த்திவிடுகிறார்கள். 24 மி.மீ.யில் எடுத்த ரா (RAW) கோப்பை, அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பை, திருத்தமில்லாமல் திறந்து பார்த்தால் கதவு நிலை பீப்பாய் மாதிரி பிதுங்கி நிற்கும். மூலைகளை இழுத்து நீட்டித்தான் நமக்குக் காட்டுகிறார்கள். அங்கே கூர்மை கொஞ்சம் குறைவதற்கும் அதுவே காரணம். ஏமாற்று என்று சிலர் கோபப்படுவார்கள். எனக்கு அது நேர்த்தியான பேரமாகத்தான் தெரிகிறது. கண்ணாடியின் எடையைக் கணக்கு சுமக்கிறது.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. கேமராவை அணைக்கும்போது கவனியுங்கள். மூன்றடுக்குக் குழாய் ஒன்றுக்குள் ஒன்றாகச் சர்ரென்று உள்ளே போகும். கடைசியில் இரண்டு மெல்லிய தகடுகள் கண்ணை மூடும். ஒவ்வொரு முறை நீளும்போதும் உள்ளே காற்று இழுக்கப்படுகிறது. காற்றோடு பையிலிருக்கும் பஞ்சும் தூசியும். லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா என்பதால் சென்சாரில் உட்கார்ந்த தூசியைத் துடைக்க வழியில்லை. என்னிடமிருந்த ஒன்றில் வானத்தை எடுத்தால் வலது மேல் மூலையில் எப்போதும் ஒரு சாம்பல் பொட்டு. பழுது பார்க்குமிடத்தில் லென்ஸ் தொகுதியையே மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகைக்குப் பழைய கேமரா ஒன்று வாங்கிவிடலாம். ஜூம் நீளம் கூடக் கூடக் குழாய்களும் இடுக்குகளும் கூடுகின்றன. இதை எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் பார்க்க முடியாது.

மெகாபிக்சல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேனன் ஜி10-இல் 1.47 கோடி பிக்சல் வைத்து, அடுத்த வருடம் 2009-இல் ஜி11-இல் அதே அளவு சென்சாரில் 1 கோடியாகக் குறைத்தது. பானசோனிக் தன் பயண ஜூம் வரிசையில் டிஇசட்60-இல் 1.8 கோடி, டிஇசட்70-இல் 1.2 கோடி, டிஇசட்80-இல் மறுபடி 1.8 கோடி. கடைக்காரரும் பொறியாளரும் மாறி மாறி ஜெயித்திருக்கிறார்கள்.

பின்னணி மங்கலாக வர வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் ஜன்னலே பதில், அதுவும் மிக அழகான முறையில். முகத்தில் கூர்மை வைத்து எடுக்கிறோம். வெகுதூரத்தில் தெருவிளக்குகள். படத்தில் அவை வட்டுகளாக விரியும். அந்த வட்டு எவ்வளவு பெரிதாக வரும்? முகம் இருக்கும் தொலைவில் வைத்து அளந்தால், சரியாக ஜன்னலின் விட்டமே. 5ஏ-வில் 70 மி.மீ.யில் ஜன்னல் 25.7 வகுத்தல் 2.8, அதாவது 9 மி.மீ. நெற்றியில் வைத்த ஸ்டிக்கர் பொட்டு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ, பின்னாலிருக்கும் விளக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியும். கல்யாண ஃபோட்டோகிராஃபர் மாட்டும் ஃபுல் ஃப்ரேம் 85 மி.மீ., எஃப்/1.8 லென்ஸில் அது 47 மி.மீ., முகத்தில் மூன்றில் ஒரு பங்கு. பொட்டளவு மங்கலோடு திருப்தியடைய முடியாதவர்கள் பைக்கேமராவை விட்டுவிட வேண்டியதுதான்.

எது வாங்கலாம் என்று நண்பர்கள் கேட்கும்போது, கடைசியாக எடுத்த படங்களைக் காட்டச் சொல்வேன். பெரும்பாலும் வீட்டு மனிதர்கள், சாப்பாடு, விளக்கு வெளிச்சம். அவர்களுக்கு 24–70 போதும். எஃப் எண் சிறியதாக இருக்கட்டும். ஊர் ஊராகப் பகலில் சுற்றுபவருக்கு 24–200. பானசோனிக்கின் டிஇசட்200 அதே அளவு சென்சாரில் 360 வரை போகும், 340 கிராம். ஆனால் அகலக் கோணத்தில் ஜன்னல் 2.7 மி.மீ.க்கு இறங்கிவிடுகிறது. இங்கேதான் கயிறு அதிகம் இழுக்கப்பட்டுவிட்டது என்று நினைக்கிறேன். பறவைக்காரர் சின்ன சென்சாரைப் பார்த்து வெட்கப்பட வேண்டியதில்லை. பை என்பதும் எந்தப் பை என்று பார்க்க வேண்டும். 300 கிராம் ஜீன்ஸ் பையில் துருத்தும். சட்டைப்பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் தொங்கும். குனிந்தால் கேமரா முதலில் தரைக்குப் போகும். ஜிஆர் 3-இன் 33 மி.மீ.க்கும் டிஇசட்200-இன் 45 மி.மீ.க்கும் நடுவே ஒரு விரல் தடிமன்தான், ஆனால் ஒன்றைத் தினமும் எடுத்துப் போவீர்கள், மற்றதைப் பயணத்துக்கு மட்டும்.

போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்விக்கு உலகம் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர்களின் சங்கமான சிபாவின் கணக்குப்படி 2010-இல் லென்ஸ் கழற்ற முடியாத டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 10.9 கோடி அனுப்பப்பட்டன. 2023-இல் 20 லட்சத்துக்கும் கீழ். நல்ல போனின் முதன்மை லென்ஸுக்கு ஜன்னல் சுமார் 4 மி.மீ. 5ஏ-வின் 4.9-ஐ விடக் குறைவுதான், ஆனால் ஆறாவது ஆர்எக்ஸ்100-இன் 3.2-ஐ விட அதிகம்! போதாததற்கு போன் நேரத்தையும் சேர்த்துக்கொள்கிறது. பொத்தானைத் தொட்டதும் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, நகர்ந்ததைச் சரிக்கட்டி, ஒன்றாகக் கூட்டுகிறது. ஒன்பது படம் கூட்டினால் நாய்ஸ் மூன்றில் ஒரு பங்கு. கூகுள் 2013-இலிருந்தே நெக்ஸஸ் 5 போனில் இதைச் செய்தது. ஜன்னல் சிறிதென்றால் அதிக நேரம் திறந்துவை என்ற பழைய யோசனைதான், கை நடுக்கத்தைக் கணக்கால் ஜெயித்துச் செய்தது. கேமரா நிறுவனங்கள் இதைப் பெரும்பாலும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

ஓடுகிற குழந்தையிடம் இந்த வித்தை செல்லாது. ஒன்பது படத்தில் ஒன்பது இடத்தில் இருப்பதைக் கூட்ட முடியாது, போன் தன் 4 மி.மீ.க்குத் திரும்பிவிடும். ஜூமும் அப்படியே. 2019-இல் வாவே பி30 ப்ரோ, மினோல்டா செய்ததைப் போலவே பட்டகம் வைத்து லென்ஸைப் படுக்கப்போட்டு 5 மடங்கு ஜூம் கொண்டுவந்தது, மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். 2023-இல் வந்த ஐபோன் 15 ப்ரோ மேக்ஸின் 120 மி.மீ. லென்ஸுக்கு ஜன்னல் 5.6 மி.மீ. அளவில் இருக்கிறது. ஆறாவது ஆர்எக்ஸ்100 அதே கோணத்தில் 9.6 மி.மீ. திறக்கிறது, கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஒளி. பொதுவாகப் போனின் உடம்பு சுமார் 8 மி.மீ. தடிமன். அதற்குள் பக்கவாட்டில் படுக்கப்போட்டாலும் கண்ணாடியின் உயரம் அந்த 8-ஐத் தாண்ட இடமில்லை. தாண்ட வேண்டுமானால் முதுகில் கூன் விழும், இப்போதே விழுந்துகொண்டிருக்கிறது. முன்னோக்கி நீளும் லென்ஸுக்கு அந்தக் கூரை கிடையாது.